ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கலைகளுக்கு இடம் திட்டமிடுவது: முழுமையான வழிகாட்டி

எஸ்.பி.பட்டினம் முதல் ரோச்மாநகர் வரை கரையோரமாக வந்தால் ஊருக்கு ஊர் ஒரு கலையரங்கம் நிற்கிறது. தொகுதி நிதியில் கட்டிய காங்கிரீட் மேடை, நெற்றியில் பெயர்ப் பலகை, கூரையில் வெளியே தெரியும் துருக்கம்பி. திருவிழா இரவுகள் போக மற்ற நாளெல்லாம் அதில் மிளகாய் காயும், வலை கிடக்கும். ஊர்ப் பெண்கள் கும்மி கொட்டுவதும், பையன்கள் சிலம்பம் பழகுவதும், சந்தனக்கூடு இறங்குவதும் வேறு இடத்தில். அம்மன் கோயில் பொட்டல், தர்கா முற்றம், மாதா கோயில் திடல், வலை உலர்த்தும் மணல்வெளி என்று அந்த இடங்களுக்குப் பெயர் உண்டு. விளக்கும் கழிப்பறையும் கிடையாது. நிலப் பதிவேட்டிலும் அவற்றைக் கலைக்கான இடம் என்று எவரும் எழுதி வைத்ததில்லை.

எனவே இந்தக் கரையில் பண்பாட்டு வெளிகளைத் திட்டமிட வருகிறவருக்குப் புதிதாகக் கட்டுவது கடைசி வேலை. புழங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், காகிதத்தில் காப்பாற்ற வேண்டும், குறைகிற வசதியைச் சேர்க்க வேண்டும். பிறகும் தேவை மிஞ்சினால் கட்டலாம். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என எந்த அமைப்புக்காக வேலை செய்தாலும் இந்த வரிசை மாறாது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டடக்கலையோ சிவிலோ படித்துவிட்டு நகரத் திட்டமிடலில் மேல்படிப்பு முடித்தவர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் அந்தப் படிப்பு இருக்கிறது. அரசுப் பணி என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரலாம். பட்டத்தில் சொல்லித்தராத இரண்டை இங்கே வந்துதான் கற்க வேண்டும். ஒன்று எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் ‘அ’ பதிவேட்டை வாசிப்பது, மற்றொன்று காற்றின் பெயர்கள்.

நாட்காட்டியில் தொடங்குங்கள்

வரைபடத்தை விரிக்கும் முன் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களைக் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஊரிலும் எந்த மாதம், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று நிரப்புங்கள். ஆடி, ஆவணியில் முளைப்பாரி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றும் நிரம்பும். மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை. ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். இதைக் கணக்கில் எடுக்காமல் ‘ஏர்வாடி விழா வெயில் காலத்தில்’ என்று வைத்து நிழற்பந்தல் வரைந்தால், பதினைந்து ஆண்டு வாக்கில் அதே விழா ஐப்பசி மழைக்குள் போய் நிற்கும். ரமலான் இரவுகளில் கீழக்கரையின் தெருக்கள் புழங்கும் நேரமே மாறிவிடும்.

இதன் மேல் கடலின் நாட்காட்டியை வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. பயிற்சிப் பட்டறைக்கு நல்ல காலம், வசூலுக்குக் கெட்ட காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாக் நீரிணைப் பக்கம், அதாவது தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகியவை அப்போது கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் முழுவதும் ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் வாரி அடிக்கும். ஒரே மாவட்டம், இரண்டு கடல். ஒரே மேடை வரைபடத்தை இரண்டு கரைக்கும் நகலெடுத்துக் கொடுப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

யாரிடம், எந்த நாளில் கேட்பது

ஊர்த்தலைவர், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குத்தந்தை, மீனவர் சங்கம், மகளிர் குழு ஆகிய ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். பிறகுதான் பொதுக்கூட்டம். முதல் கூட்டத்தையே கிராம சபையில் வைத்தால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், முளைப்பாரி வளர்க்கும் ஆத்தாமார் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். இடத்தை உண்மையில் புழங்குகிறவர்கள் அவர்கள்தான். கடலுக்குப் போகும் நாளைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். தங்கச்சிமடம், பாம்பன் போன்ற ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு, கீழக்கரையில் வெள்ளி ஜும்மாவைத் தவிர்த்து மாலையில், கடற்கரைக் குப்பங்களில் படகு கடலுக்குப் போகாத நாளில்.

கேள்வியும் முக்கியம். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்றால் எல்லா ஊரிலும் ‘கலையரங்கம்’ என்ற ஒரே பதில்தான் வரும், ஏனென்றால் அரசு தருவது அதுதான் என்று தெரியும். ‘போன திருவிழாவில் ராத்திரி எங்கே உட்கார்ந்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பி, எங்கே ஒதுங்கினீர்கள், எப்போது வீட்டுக்குப் போனீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரு ஊரின் திட்டக்குறிப்புக்கு வேண்டிய முக்கால் பங்கு இந்தப் பதில்களில் இருக்கும்.

நிலத்தின் காகிதம்

ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு காகிதம் எடுங்கள்: ‘அ’ பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி. அளவுப் படம், சிட்டா, கிராம வரைபடம். பதிவேட்டில் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

நத்தம், மந்தைவெளி, களம் என்று இருந்தால் ஊராட்சித் தீர்மானம், வட்டாட்சியர் அறிக்கை, ஆட்சியர் அனுமதி என்று போகலாம். கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அங்கே நிலையான கட்டடம் எதையும் யோசிக்காதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டியதை நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், அதோடு ஊரின் நம்பிக்கையும் போய்விடும். கோயில் நிலம் என்றால் இந்து சமய அறநிலையத் துறையா, ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை கோயில்கள் தேவஸ்தானத்தின் கீழ் வருபவை. தர்கா, பள்ளிவாசல் நிலத்துக்கு வக்பு வாரியம். தேவாலயத் திடலுக்கு மறைமாவட்டம். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியை வழிபாட்டு இடங்களிலும் சமய அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் செலவிட முடியாது. நிலம் யாருடையது என்பது தெரியுமுன் நிதியைப் பேசினால் ஒரு நிதியாண்டு வீணாகும்.

பதிவேட்டில் ‘தரிசு’ என்றோ வெறும் ‘அரசு புறம்போக்கு’ என்றோ இருக்கும் பொட்டல்தான் மிகவும் ஆபத்தில் இருப்பது. அதைத்தான் வாகன நிறுத்தத்துக்கும், மேல்நிலைத் தொட்டிக்கும், துணை மின்நிலையத்துக்கும் கேட்பார்கள். அதன் பண்பாட்டுப் பயன்பாட்டைப் புகைப்படம், தேதி, அளவுப் படத்தோடு கிராம சபைத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். ஊருக்கு முழுமைத் திட்டம் தயாராகும்போது ‘திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு’ வகையில் அதைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு அனுப்புங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் இந்த வேலையில் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்.

கடலோர விதி

கடல் ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கையா, 2019 அறிவிக்கையா, எதன்படி உங்கள் பகுதிக்கு ஏற்கப்பட்ட வரைபடம் நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் தூரக்கணக்கு வேறு. ஊரகப் பகுதியான மூன்றாம் மண்டலத்தில் 2011 விதிப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானமற்ற பகுதி. 2019 விதியில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்த ஊர்களுக்கு அது 50 மீட்டர், மற்றவற்றுக்கு 200 மீட்டர். மணல்மேடு, அலையாத்தி, கடல்புல், பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் மண்டலம். அங்கே மேட்டைச் சமப்படுத்துவதே குற்றம். மன்னார் வளைகுடா இரண்டு அறிவிக்கைகளிலும் மிகப் பாதிப்புக்குள்ளாகும் கடலோரப் பகுதிகளின் பட்டியலிலும் இருக்கிறது. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டிய கரையில் வனத்துறையின் உயிரினக் காப்பாளர் அலுவலகத்தையும் கேட்க வேண்டும்.

கட்டுமானமற்ற பகுதியில் ‘கலையரங்கம்’ என்று எழுதிய விண்ணப்பம் நிற்காது. உள்ளூர் மக்களுக்கான பொது மழை ஒதுங்கிடம், சமுதாயக் கழிப்பறை இவற்றுக்கு மாநில கடலோர மண்டல மேலாண்மை ஆணைய வழியில் அனுமதி உண்டு. கரையில் விழா நடக்கும் ஊருக்கு உண்மையில் தேவையும் இந்த இரண்டுதான். மேடை பந்தலாக வரட்டும், விழா முடிந்ததும் பிரியட்டும். கடலையொட்டி மோட்டார் போர்வெல்லை நம்பிக் கழிப்பறை வரையாதீர்கள். அதற்கும் கட்டுப்பாடு உண்டு, வரும் தண்ணீரும் உவர். கூட்டுக் குடிநீர் இணைப்பையோ லாரித் தண்ணீருக்கான தொட்டியையோ திட்டத்திலேயே சேருங்கள்.

விளக்கு வைப்பதிலும் ஒரு கட்டுப்பாட்டை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பங்குனி ஆமைகள் தனுஷ்கோடிப் பக்கம் முட்டையிடுவது ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும். கடலைப் பார்த்த ஹைமாஸ்ட் விளக்கு அவற்றை ரோட்டுக்கு இழுத்துவிடும். விளக்குகளை நிலம் பார்த்து, மூடியுள்ளதாக, தாழ்ந்த கம்பத்தில், மஞ்சள் ஒளியில் வையுங்கள்.

அளவெடுக்க ட்ரோன் பயன்படுத்துவதாக இருந்தால் ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. பக்கத்திலேயே சர்வதேசக் கடல் எல்லையும் இருக்கிறது. பல இடங்களில் டேப்பும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியும்தான் கைகொடுக்கும்.

ஒரு பொட்டலை அளக்கும் முறை

முளைப்பாரிக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு மேலாக வெளிச்சம் படாத அறையில் பயறு முளைக்கும். ஒவ்வோர் இரவும் வெளியே பெண்கள் கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் ஊருணியிலோ கடலிலோ கரைப்பார்கள். ஆக, மூன்று இடம் சேர்ந்தது ஒரு வெளி: இருட்டறை, கும்மித் தளம், கரைக்கும் வழி.

கும்மித் தளத்துக்குக் கணக்கு எளிது. ஒருவர் கைவீசிக் குனிய சுமார் 90 செ.மீ. வேண்டும். 40 பேர் ஒரு வட்டம் என்றால் சுற்றளவு 36 மீட்டர், விட்டம் ஏறக்குறைய 11.5 மீட்டர். சுற்றி நின்று பார்ப்பவர்களுக்கு இரு பக்கமும் 3 மீட்டர் சேர்த்தால் 17.5 மீட்டர். எனவே 18 மீட்டருக்கு 18 மீட்டர் இடத்துக்குள் மரம், கம்பம், சிலை, கொடிமேடை எதுவும் வரக்கூடாது. நடுவில் அலங்கார நீரூற்றோ உயர்கோபுர விளக்கோ நட்ட பொட்டலில் கும்மி செத்துவிடும். விளக்கு நான்கு மூலையில் வரட்டும்.

தரையை விட்டுவிடுங்கள். பேவர் பிளாக் போடுவது இன்று எல்லா ஊரிலும் கைவசமான வேலை. ஆனால் வெறுங்காலில் இரண்டு மணி நேரம் தட்டி ஆடுகிற பெண்ணுக்கு அந்தத் தளம் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். பகல் சூட்டை இழுத்து வைத்து இரவு வரை விடாது. மழைத் தண்ணீரையும் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளும். செம்மண்ணும் சரளையும் கலந்து 15 செ.மீ. கனத்துக்கு இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுங்கள். 1 மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. சரிவு போதும். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடிக்கு முன், மேல் மண் நிரப்ப வேண்டும். மதிப்பீட்டில் இதைப் பராமரிப்பு என்று தனியாகக் காட்டாவிட்டால் மூன்றாம் ஆண்டு யாராவது பேவர் பிளாக் போட்டுவிடுவார்கள்.

முளைக்கொட்டுத் திண்ணை இருக்கும் ஊரில் அதை இடித்துப் பெரிதாக்காதீர்கள். திண்ணையை ஒட்டி, 3 மீட்டருக்கு 4 மீட்டரில் ஜன்னல் இல்லாத, ஆனால் கூரைக்கடியில் காற்றோட்டத் துளை உள்ள அறை ஒன்று சேர்த்தால் போதும். காற்று புகாவிட்டால் முளை அழுகும்.

சிலம்பத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் இதே தளம் போதும். சிலம்பத்துக்குத் தலைக்கு மேல் 4.5 மீட்டர் வரை மின்கம்பி இருக்கக்கூடாது.

மேடை கட்டியே ஆக வேண்டும் என்றால்

இந்தப் பக்கம் மேடை கேட்பது பெரும்பாலும் விடிய விடிய நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்துக்காக. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஒரு பக்கம் ஆர்மோனியம், மறுபக்கம் மிருதங்கமும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும். இதற்கு 30 அடி அகலம், 20 அடி ஆழம் வேண்டும். 20 அடி அகலத்தில் கட்டிய மேடையில் பக்கவாத்தியம் உட்கார்ந்ததும் ஆடுகிறவர்களுக்கு 10 அடிதான் மிஞ்சும். தரையில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு மேடை உயரம் இரண்டரை அடி. நாற்காலிக் கூட்டம் என்றால் மூன்றேகால் அடி. ஐந்தடி மேடை தலைவர்கள் பேச ஏற்றது, நாடகத்துக்கு முன்வரிசைக்காரர்களின் கழுத்தைத்தான் உடைக்கும்.

திசை உங்கள் கையில் இல்லை. அம்மன் பார்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம், எனவே மேடை கோயிலைப் பார்த்து நிற்கும். கோயில் கிழக்கு பார்த்திருந்தால் மேடை மேற்கு பார்க்கும், கூட்டம் கிழக்கு பார்த்து உட்காரும். மாலை வெயில் கூட்டத்தின் முதுகில் விழும், அது நல்லதே. ஆனால் ஆடியில் கச்சான் காற்று நேராக மேடைக்குள் மணலை வீசும். கூட்டத்துக்குப் பின்னால், மேற்கு ஓரத்தில், பனையோலைத் தட்டியோ கீற்று வேலியோ 2 மீட்டர் உயரத்துக்கு வையுங்கள். காற்று பாதி புகும்படி இடைவெளி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம், அதாவது 20 மீட்டர் வரை, காற்றைத் தணிக்கும். அடைத்த மதில் கட்டினால் காற்று மேலேறிப் பின்பக்கம் சுழன்று விழும், மணலும் அங்கேயே குவியும்.

மேடைக்குப் பின்னால் இரண்டு ஒப்பனை அறை, பெண்களுக்கு உள்தாழ்ப்பாளும் ஒட்டிய கழிப்பறையும் உள்ள ஒன்று கட்டாயம். நடிகைகள் வேனிலிருந்து இறங்கி யார் வீட்டிலோ உடைமாற்ற இடம் கேட்கிற நிலைமை இன்னும் இருக்கிறது. இது இல்லாத கலையரங்க மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இட அளவு: உட்காரும் கூட்டத்துக்குத் தலைக்கு 0.6 சதுர மீட்டர் என்பது தேசிய கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 600 பேருக்கு 360 சதுர மீட்டர், அதோடு நடைவழி. பெண்களுக்கான கழிப்பறை முதல் 200 பேருக்கு நூற்றுக்கு 3, அதற்கு மேல் நூற்றுக்கு 2. 300 பெண்களுக்கு 8 வரும். நாடகத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதை மறந்து இரண்டு கழிப்பறையோடு நிறுத்தும் திட்டங்கள்தான் அதிகம். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம். அது மேடைக்கும் வேண்டும், பார்வையாளர் பக்கம் மட்டும் போதாது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

ஒலி

நாடகம் வழக்கமாக இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மட்டும் தளர்த்தலாம். இந்த முரணை மறைத்துத் திட்டம் எழுதினால் ஒவ்வொரு விழாவும் காவல் நிலையத்தில் முடியும். நாடகக் குழுவோடும் விழாக் கமிட்டியோடும் உட்கார்ந்து, மாலை ஆறரைக்கே தொடங்கும் சுருக்க வடிவத்தைப் பேசுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் முழுதாகப் பார்க்க முடிகிறது என்பது தெரிந்தால் நிலைமை மாறும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். பொட்டலைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வட்டத்தை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

பொட்டலின் எல்லையில் ஒலி, சுற்றுப்புற அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. இரண்டு பெரிய பெட்டியை மேடையில் அடுக்கிப் பின்வரிசைக்குக் கேட்கும்படி ஏற்றினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், எல்லையும் மீறும். நான்கு சிறு பெட்டிகளைக் கூட்டத்தின் நடுவில் இரு பக்கமும் வைத்து, ஒலியளவைக் குறையுங்கள். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைக்கும் பெட்டிக்கு ஏறக்குறைய 90 மில்லி விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வசனம் இரட்டையாகக் கேட்கும். மாலையில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும்போது, காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேலே வளைந்து பின்வரிசையைத் தொடாமல் போகும். மைக் செட்காரர் உடனே ஒலியை ஏற்றுவார். பெட்டிகள் தாழ்ந்தும் நெருங்கியும் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

உப்பு

இந்தக் கரையில் கட்டடத்தைத் தின்பது உப்பு. கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி காங்கிரீட்டின் வலிமை குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. உறை, நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகாமல். அலைத்துளி தெறிக்கும் தூரத்தில் எம்35, 50 மி.மீ. வழக்கமான எம்20, 25 மி.மீ. உறையோடு வந்த பழைய வரைபடத்தை அப்படியே ஒப்பந்தப்புள்ளியில் வைப்பதால்தான் புதுக் கலையரங்கத்தின் கூரை இவ்வளவு சீக்கிரம் கம்பி காட்டுகிறது.

கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராம் தாண்டக்கூடாது. ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் ஒப்பந்ததாரரை வேலை தொடங்க விடாதீர்கள். காங்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்கும் அதே நீரில்தான். கடல் மணல் கலவைக்கு வரவே கூடாது. உறையைக் காக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று காங்கிரீட் ஊற்றும் காலையில் நேரில் போய்ப் பாருங்கள். கருங்கல் சில்லை வைத்துச் சமாளிப்பது இங்கே சாதாரணம்.

கைப்பிடி, கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் 316 ரக எவர்சில்வர். 304 கூட ஓராண்டில் பழுப்புப் பூக்கும். தகரக் கூரை போட்டால் சட்டமும் திருகாணியும் சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தவையாக இருக்கட்டும். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தையும் மூலையையும் என்பதால் அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். விளக்குப் பெட்டிகள் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 தரம்.

பழைய கட்டடங்கள்

கீழக்கரை, பாம்பன், தனுஷ்கோடியின் பழைய சுவர்களில் முருகைக்கல் இருக்கும், அதாவது கடலிலிருந்து எடுத்த பவளக்கல். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தில் அதை நேராகப் பார்க்கலாம். இன்று பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் புதுக் கல் எடுக்க முடியாது. விழுந்த கல்லை எண் போட்டு, படம் எடுத்து, வனத்துறைக்குத் தெரிவித்து, அதே சுவரில் திரும்ப வையுங்கள். இணைப்புக்குச் சுண்ணாம்புக் காரை. சிமென்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கல்லையே பொடியாக்கும். இந்த ஒரு தவறு மட்டும் எத்தனையோ பழைய மண்டபங்களைக் கொன்றிருக்கிறது.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சேதுபதி காலச் சுவரோவியங்கள் உள்ள அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிகழ்ச்சி வைக்க விரும்பினால், அதிரும் பாஸ் பெட்டியும் ஜெனரேட்டர் புகையும் சுவரை நெருங்காதபடி வெளிமுற்றத்தில் மட்டும் வையுங்கள். கோயில் சுற்றுப்புறத்தில் கட்டட உயரத்துக்குத் தடை உண்டா என்பதையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

ஊர்வலப் பாதையும் ஒரு கலைவெளி

சப்பரம், சந்தனக்கூடு, தேர்ப்பவனி மூன்றுக்கும் பாதை வரைபடம் தனியாகப் போடுங்கள். உயர்ந்த சப்பரத்தின் உயரம், திரும்பும் முனையின் அகலம், குறுக்கே போகும் கேபிள்கள், நின்று ஆடும் இடங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு சில செ.மீ. உயரும், கம்பிக்கும் சப்பரத்துக்கும் இடையிலான தூரம் அந்தளவு குறையும், திண்ணையும் புதையும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ராமேஸ்வரத்தின் ரத வீதிகளில் யாத்ரீகர் வாகனத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே குடியிருக்கும் மக்களின் ஆட்டபாட்டத்துக்கு இருந்த முச்சந்திகளையும் சேர்த்துக் குறியுங்கள்.

புயல் காப்பகத்தைக் கேளுங்கள்

கரையோரப் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. நல்ல கூரை, கழிப்பறை, பெரிய கூடம் எல்லாம் இருக்கிறது. ஓலைப் பின்னல் குழு, பறை, தப்ஸ் பயிற்சி, அரசு இசைப்பள்ளியின் வாராந்தர வகுப்பு இவற்றுக்கு ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவோடு ஒப்பந்தம் போடலாம். நிபந்தனை தெளிவாக இருக்கட்டும்: எச்சரிக்கை வந்த இரண்டு மணி நேரத்தில் கூடம் காலி, நிலையான மேடையோ அலமாரியோ கூடாது, ஒரு சாவி எப்போதும் கிராம நிர்வாக அலுவலரிடம். புதிதாக இரட்டைப் பயன் கட்டடம் வரைவதானால், புயலுக்குப் பிறகும் நிற்க வேண்டிய கட்டடங்களுக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சொல்லும் 1.30 காற்றுக் காரணியைப் பொறியாளர் சேர்த்திருக்கிறாரா என்று கணக்குத் தாளில் பாருங்கள். கிழக்குக் கரையிலிருந்து 60 கி.மீ. வரை அது பொருந்தும்.

ஓலைப் பின்னலுக்குத் தரையில் உட்காரும் நிழலான, வடக்கு வெளிச்ச இடம் வேண்டும். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் ஓலையைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரப் பரணில் வைக்க வேண்டும். சங்கு அறுக்கும் இடத்தை இதோடு சேர்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரமாக அறுக்கும் வசதியும் தூசி உறிஞ்சியும் உள்ள தனிக் கொட்டகைதான் சரி.

பணமும் சாவியும்

கட்ட நிதி கிடைக்கும்: சட்டமன்றத் தொகுதி நிதி, நமக்கு நாமே, நிதிக்குழு மானியம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. நடத்த நிதி கிடைப்பது கடினம். எனவே திட்ட அறிக்கையிலேயே மின்கட்டணம், துப்புரவு, ஆண்டு வெள்ளையடிப்பு, மண் நிரப்பு ஆகியவற்றை யார் தருவார் என்று பெயரோடு எழுத வேண்டும். ஊராட்சி, விழாக் கமிட்டி, மகளிர் குழு, ஒரு கலைஞர் என நால்வர் குழு. சாவி இரண்டு, அதில் ஒன்று மகளிர் குழுவிடம். சாவி ஒரே ஆளிடம் இருக்கும் கூடம் சில மாதங்களில் அவருடைய சேமிப்புக் கிடங்காகிவிடும். ஊருக்குள் ஒரு சமூகத்துக்கு மட்டும் மறுக்கப்படும் இடத்துக்குப் பொதுப்பணம் போகக்கூடாது. முன்பதிவு விதியில் இதை முதல் வரியாக எழுதி, வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் தீட்டுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பயிற்சி நேரம் கட்டணமில்லாமல் தரலாம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசி வாரத்தில், மழைக்கு முன், குழு கூடிக் கூரைத் திருகு, வடிகால், மின்பெட்டி, கழிப்பறைத் தொட்டி, மரக்கிளை ஐந்தையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பொங்கல் முடிந்ததும் இரண்டாம் பார்வை: விரிசல் எங்கே, உப்பு எங்கே பூத்திருக்கிறது, தளத்தில் பள்ளம் எங்கே. அந்தப் பட்டியலோடு மதிப்பீட்டை மார்ச்சுக்குள் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தால் ஆடிக்கு முன் வேலை முடிந்துவிடும்.